யாருக்காக இந்தக் கார்? கணினியில் வாகனம் வடிவமைத்தல்: உயர்வகுப்பு மாணவர்களுக்கான ஒரு பாடம்

முன்னுரை

கார் ஒன்றை வரையுமாறு மாணவர் ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்தால், நீண்ட முகப்பும் தாழ்ந்த கூரையும் அகன்ற சக்கரங்களும் கொண்ட பந்தயக் கார் ஒன்றையே அவர் பெரும்பாலும் வரைவார். அதில் தவறேதும் இல்லை. ஆயினும், தெருவில் நாம் நாள்தோறும் காணும் கார்களுள் மிகப் பெரும்பாலானவை அத்தகையவை அல்ல. அவை பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றன. முதியோரை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கின்றன. அரிசி மூட்டையையும் காய்கறியையும் வீட்டுக்குச் சுமந்து வருகின்றன. அவற்றை வடிவமைத்தவர்கள் பந்தயக் காரை வடிவமைத்தவர்களை விடத் திறமை குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு இடப்பட்ட பணி வேறு, அவ்வளவே.

கணினியில் மெய்நிகர் கார்களை உருவாக்கிப் போட்டியிடும் பழக்கம் இன்று பல நாடுகளில் இளைஞரிடையே பரவியுள்ளது. மெய்நிகர் கார் என்பது திரையில் காணவும் இயக்கவும் கூடிய, ஆனால் கையால் தொட இயலாத கார் ஆகும். இது வெறும் பொழுதுபோக்கு என்று பெற்றோர் சிலர் கருதுதல் கூடும். முறையாகச் செய்யின் இது கணிதம், பௌதிகம், வரலாறு, பொருளியல் ஆகிய நான்கையும் ஒருங்கே கற்பிக்கும் பயிற்சி என்பதையும், அவற்றுக்கு மேலாகப் பிறர் தேவையை அறிந்து செயற்படும் பண்பையும் வளர்ப்பது என்பதையும் இக்கட்டுரையில் நாம் காண்போம்.

மரக்கட்டையிலிருந்து கணினித் திரை வரை

இளைஞர்கள் கார் வடிவமைத்துப் போட்டியிடுதல் புதிய செய்தி அன்று. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் உடற்பகுதித் தயாரிப்புப் பிரிவாகிய பிஷர் பொடி, 1930 முதல் 1968 வரை கைவினைஞர் கழகம் ஒன்றை நடத்தி வந்தது. தொடக்கத்தில் அதில் சேர்ந்த சிறுவர்கள், அந்நிறுவனத்தின் சின்னமாகிய வேலைப்பாடு மிக்க குதிரை வண்டியின் மாதிரியை நுணுக்கமாகச் செய்தனர். பின்னர், தாமே கற்பனை செய்த கார்களைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் மரத்திலும் களிமண் அச்சிலும் வடித்தனர். வென்றவர்களுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. அவர்களுட் பலர் பிற்காலத்தில் வாகன வடிவமைப்பாளராயினர். ஆனால் அக்கழகம் ஆண் பிள்ளைகளை மட்டுமே சேர்த்துக்கொண்டது. இன்று கணினியின் முன் அமரும் பெண் பிள்ளைக்கு அத்தகைய தடை ஏதுமில்லை.

இக்காலத்தில் இப்போட்டிகளுக்குப் பெரிதும் பயன்படுவது ஒட்டோமேஷன் என்னும் மென்பொருளாகும். கேம்ஷாப்ட் சொப்ட்வெயார் என்னும் நிறுவனம் இதனை உருவாக்கியது. இதில் 1946 முதல் 2020 வரையிலான காலத்துள் ஓர் ஆண்டைத் தெரிந்து, அவ்வாண்டில் கிடைக்கக்கூடிய உலோகங்களையும் தொழில்நுட்பத்தையும் கொண்டே இயந்திரத்தையும் காரையும் அமைத்தல் வேண்டும். உருளையின் விட்டம் தொடங்கி ஆசனத்தின் தரம் ஈறாக ஒவ்வொன்றையும் மாணவரே தீர்மானிப்பார். ஒவ்வொரு தீர்மானமும் விலையையும் எடையையும் நம்பகத்தையும் மாற்றிவிடும். அங்கே அமைத்த காரை, ஜேர்மனியின் பிரெமன் நகரத்து நிறுவனம் ஒன்று படைத்த பீம்என்ஜி டிரைவ் என்னும் மென்பொருளுக்குக் கொண்டு சென்று ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

போட்டி நடைபெறும் முறை எளியது. நடத்துபவர் ஒருவர் கட்டளை ஒன்றை விடுப்பார். எந்த ஆண்டு, எந்த நாடு, வாங்குபவர் யார், அவரிடம் உள்ள பணம் எவ்வளவு, அவர் எதை வேண்டுகிறார் என்பன அதில் இருக்கும். போட்டியாளர் ஒவ்வொருவரும் அக்கட்டளைக்கு ஏற்பக் கார் ஒன்றை அமைத்து, படமும் விளக்கமும் சேர்த்து அனுப்புவர். நடத்துபவர், வாங்குபவரின் இடத்தில் தம்மை வைத்து ஒவ்வொரு காரையும் ஆராய்ந்து, எதை ஏன் விலக்கினார், எதை ஏன் ஏற்றார் என்று எழுதுவார். பல போட்டிகளில் வென்றவரே அடுத்த சுற்றை நடத்தும் பொறுப்பை ஏற்கிறார். ஆகவே வெற்றி பெற்றவர் நடுவராகவும் கற்றுக்கொள்கிறார்.

கட்டளையே ஆசான்

கட்டளை என்பது கற்பனையைக் கட்டிப்போடும் கயிறு என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. வரலாறு அதற்கு மாறாகச் சான்று பகர்கிறது.

பிரான்ஸ் நாட்டின் சித்ரோன் நிறுவனத்தை 1930களில் நிருவகித்த பியர் பூலாஞ்சே, தம் பொறியியலாளரிடம் சிற்றூர் உழவர்க்கான கார் ஒன்றைக் கேட்டார். இரண்டு உழவரையும் 50 கிலோகிராம் உருளைக்கிழங்கையும் அது சுமக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல வேண்டும். 100 கிலோமீற்றருக்கு 3 லீற்றர் பெற்றோலுக்கு மேல் குடித்தல் ஆகாது. உழுத நிலத்தின் குறுக்கே சென்றாலும் கூடையிலுள்ள முட்டைகள் உடைதல் கூடாது. இக்கட்டளையின் விளைவே 1948இல் பாரிஸ் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்ட 2சீவி என்னும் கார். அதன் இயந்திரம் 375 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 9 குதிரைவலுவும் மட்டுமே உடையது. பார்த்தவர் சிலர் நகைத்தனர். ஆயினும் அக்கார் 1990 வரை உற்பத்தியில் இருந்தது. முட்டை உடையக்கூடாது என்ற அந்த ஒரு நிபந்தனையே மிக மென்மையான, நெடிது அசையும் வில்லமைப்பை அதற்கு அளித்தது.

மற்றொரு சான்று பிரித்தானியாவின் மினி ஆகும். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பெற்றோலுக்குப் பங்கீட்டு முறை வந்தபோது, சிக்கனமான சிறு கார் ஒன்று தேவைப்பட்டது. அலெக் இஸிகோனிஸ் என்னும் வடிவமைப்பாளர் நீளத்தை 10 அடியளவில், அதாவது ஏறத்தாழ 3.05 மீற்றரில், நிறுத்திக்கொண்டார். அதில் பெரும்பகுதியை மனிதர்க்கும் பொதிக்கும் ஒதுக்க விரும்பினார். எனவே இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பினார். கியர்ப் பெட்டியை இயந்திரத்தின் அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். 10 அங்குலச் சக்கரங்களைச் செய்வித்தார். 1959இல் வெளிவந்த அச்சிறு கார், குறுக்கு இயந்திரமும் முன்சக்கர இயக்கமும் இணைந்த அமைப்பை உலகெங்கும் பரவச் செய்தது. நீளத்துக்கு வரம்பு இல்லாதிருந்தால் இயந்திரத்தைத் திருப்ப வேண்டிய தேவையே எழுந்திராது.

நமது பாடத்துக்கு ஒரு கட்டளை

இனி நாம் ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செல்வோம். ஆண்டு 1985. இடம் ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலம். வாங்குபவர் சிற்றூர்களுக்கு வீடு வீடாகச் சென்று நோயாளரைக் கவனிக்கும் செவிலியர் ஒருவர். பாதைகள் ஒடுங்கியவை, ஏற்ற இறக்கம் மிக்கவை. குளிர்காலத்தில் பனி உறையும். பனியை உருக்க உப்புத் தூவுவர். சில வேளைகளில் தாயொருவரையும் குழந்தையையும் பின்னாசனத்தில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். எரிபொருள் 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றரை விஞ்சுதல் ஆகாது. பணம் அளவோடுதான் உண்டு. இவ்வளவுமே கட்டளை.

முதற்படி: இயந்திரம்

இயந்திரத்தின் கொள்ளளவைக் காண, உருளையின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பிஸ்ரன் செல்லும் தூரத்தாலும் உருளைகளின் எண்ணிக்கையாலும் பெருக்குதல் வேண்டும். விட்டம் 70 மில்லிமீற்றர், பிஸ்ரன் செல்லும் தூரம் 72 மில்லிமீற்றர், உருளைகள் 4 எனக் கொள்வோம். ஓர் உருளையின் பரப்பு ஏறத்தாழ 38.5 சதுர சென்ரிமீற்றர். அதை 7.2ஆல் பெருக்கின் 277 கன சென்ரிமீற்றர். நான்கு உருளைக்கு ஏறத்தாழ 1,108 கன சென்ரிமீற்றர். 1980களின் சிறு கார்களுக்கு இது இயல்பான அளவாகும்.

அடுத்து, முறுக்குவிசையும் வலுவும் வேறு வேறு என்பதை மாணவர்கள் தெளிதல் வேண்டும். முறுக்குவிசை என்பது தண்டைத் திருப்பும் ஆற்றல்; வலு என்பது அவ்வேலையை எவ்வளவு விரைவாகச் செய்கிறோம் என்பது. நியூற்றன் மீற்றரில் உள்ள முறுக்குவிசையை நிமிடத்துக்கான சுற்றுகளால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் வலு கிலோவாற்றில் கிடைக்கும். நமது இயந்திரம் 5,000 சுற்றில் 80 நியூற்றன் மீற்றர் தருமாயின், வலு ஏறத்தாழ 42 கிலோவாற்று, அதாவது 57 குதிரைவலு ஆகும்.

இவ்விடத்தில்தான் முதல் சோதனை வருகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் வடிவத்தைச் சற்றே மாற்றினால், உயர்ந்த சுற்றில் வலு கூடும். அட்டவணையில் எண் அழகாகத் தோன்றும். ஆனால் தாழ்ந்த சுற்றில் முறுக்குவிசை குறைந்துவிடும். பனி படர்ந்த ஏற்றத்தில் மெல்ல ஏறும் செவிலியருக்கு வேண்டியது தாழ்ந்த சுற்றில் கிடைக்கும் முறுக்குவிசையே. ஆகவே பெரிய எண்ணைத் துறந்து, பயன்படும் எண்ணை நாம் தெரிவு செய்கிறோம்.

இரண்டாம் படி: கியரும் ஏற்றமும்

ஆளும் பொருளும் சேர்ந்த காரின் மொத்தத் திணிவு 1,000 கிலோகிராம் என்க. எட்டு மீற்றர் செல்ல ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தில், காரைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 1,225 நியூற்றன். சக்கரத்தின் ஆரை 0.27 மீற்றர் எனின், அவ்விசையை எதிர்கொள்ளச் சக்கரத்தில் ஏறத்தாழ 331 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை வேண்டும். உராய்வும் காற்றும் கியர்ப் பற்களில் நேரும் இழப்பும் இதற்கு மேல்.

நான்காம் கியரில் மொத்தக் கியர் விகிதம் 4 எனின், இயந்திரத்தின் 80 நியூற்றன் மீற்றர் சக்கரத்தில் 320 ஆகும். அது போதாது. இரண்டாம் கியரில் மொத்த விகிதம் 8 எனின் 640 கிடைக்கும். அது போதும், இழப்புகளுக்கும் இடமுண்டு. இவ்வாறு, எந்த ஏற்றத்தில் எந்தக் கியர் என்பதைக் கடதாசியிலேயே கண்டுகொள்ளலாம். கணினி இக்கணக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும் என்பது உண்மை. ஆயினும், கணக்கின் பொருளை அறியாதவர் கணினி தரும் விடையைக் கொண்டு எதனைத் திருத்துவது என்று அறியமாட்டார்.

மூன்றாம் படி: காற்றும் உருவமும்

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. நமது காரின் காற்றுத்தடைக் குணகம் 0.40, முகப்புப் பரப்பு 1.8 சதுர மீற்றர் எனக் கொள்வோம். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் காற்றை வெல்ல ஏறத்தாழ 3.5 கிலோவாற்று போதும். வேகம் இரு மடங்காகி 144 ஆனால், தேவை எட்டு மடங்காகி 27.6 கிலோவாற்றை எட்டும்.

1982இல் அவுடி நிறுவனம் வெளியிட்ட 100 என்னும் கார் 0.30 என்ற குணகத்தால் பெரும் புகழ் பெற்றது. ஜேர்மனியின் நெடுஞ்சாலைகளில் விரைந்து செல்வோருக்கு அது பெரும் நன்மை. அதைப் பின்பற்றி நாமும் கூரையைத் தாழ்த்திச் சரிவாக்கலாமா? நமது செவிலியர் ஒடுங்கிய பாதையில் மணிக்கு 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர். அவ்வேகத்தில் சரிந்த கூரையால் மிச்சமாவது சிறிதளவே. மாறாக, உயர்ந்த கூரையும் நிமிர்ந்த பின்கதவும் மருந்துப் பெட்டியை ஏற்றவும் முதியவர் ஒருவர் குனியாமல் ஏறவும் உதவும். ஆகையால் பெட்டி போன்ற உருவமே இங்கு அழகு. உருவத்தின் அழகை அதன் பயனோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது இப்படியின் பாடமாகும்.

நான்காம் படி: பணத்தைப் பங்கிடுதல்

வடிவமைப்பின் மிகக் கடினமான பகுதி இதுவே. வகுப்பறையில் கணினி இல்லாதவிடத்தும் இதனைச் செய்து பார்க்கலாம். பயிற்சிக்காக நாம் வகுத்த விலைகள் வருமாறு. மொத்தப் பணம் 100 அலகு. அடிப்படைக் காருக்கு 70 அலகு செலவாகிவிட்டது. எஞ்சிய 30 அலகுகளைக் கீழ்வரும் எட்டுப் பொருள்களிடையே பங்கிடுதல் வேண்டும்.

துருப்பிடிக்காத, துத்தநாகம் பூசிய உருக்குத் தகடு: 8
பின்னாசனப் பட்டிகள்: 3
ஐந்தாம் கியர்: 5
நான்கு சக்கர இயக்கம்: 14
எரிபொருள் உட்செலுத்தும் கருவி: 9
குளிர்கால ரயர்கள்: 4
வானொலி: 3
இலேசான கலப்புலோகச் சக்கரங்கள்: 6

எல்லாவற்றையும் வாங்க 52 அலகு வேண்டும். நம்மிடம் இருப்பது 30 மட்டுமே.

ஒரு குழு, தகடு, பட்டிகள், நான்கு சக்கர இயக்கம், ஐந்தாம் கியர் ஆகியவற்றைத் தெரிந்து முப்பதையும் சரியாகச் செலவிடக்கூடும். இத்தெரிவுக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1983இல் இத்தாலியின் பியற் நிறுவனம், குறுக்கு இயந்திரம் கொண்ட தன் சிறு காராகிய பண்டாவுக்கு நான்கு சக்கர இயக்கம் அளித்தது. 965 கன சென்ரிமீற்றர் இயந்திரமே கொண்ட அக்கார் மலைநாட்டு மக்களிடையே நற்பெயர் ஈட்டியது.

மற்றொரு குழு, நான்கு சக்கர இயக்கத்தை விடுத்து, தகடு, பட்டிகள், குளிர்கால ரயர்கள், ஐந்தாம் கியர், எரிபொருள் உட்செலுத்தும் கருவி ஆகியவற்றை 29 அலகுக்குப் பெறக்கூடும். முன்சக்கர இயக்கத்தில் இயந்திரத்தின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமைவதால் பனியிலும் ஓரளவு பிடிப்புக் கிடைக்கும் என்றும், கூடுதல் எடை இன்மையால் எரிபொருள் 7 லீற்றர் வரம்புக்குள் எளிதில் அடங்கும் என்றும், கடுங்குளிரிலும் இயந்திரம் தடையின்றிக் கிளம்பும் என்றும் அக்குழு வாதிடலாம்.

இரண்டு விடைகளும் ஏற்கத்தக்கவையே. ஆனால் கலப்புலோகச் சக்கரத்தையும் வானொலியையும் வாங்கிவிட்டுத் துருக்காப்பை விட்டுவிட்ட குழு, தன் செவிலியரை மறந்துவிட்டது எனலாம். உப்புத் தூவிய பாதையில் ஓடும் கார் அடியிலிருந்தே அரிக்கப்படும். போர்ஷே நிறுவனம் தன் 911 கார்களின் உடற்பகுதிக்குத் துத்தநாகம் பூசிய உருக்குத் தகட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது 1975இல் ஆகும். விலை மிகுந்த காருக்கு அப்பொழுதே கிடைத்த காப்பினை, எளியவர் காருக்கும் கொடுப்பது எங்ஙனம் என்று எண்ணுவதே நற்பொறியியல்.

ஐந்தாம் படி: எவரும் கேளாத பட்டி

மேலே குறித்த பட்டியலில் பின்னாசனப் பட்டிக்கு 3 அலகு இட்டோம். இதனை நாம் தனியே ஆராய்தல் வேண்டும்.

பிரித்தானியாவில் முன்னாசனத்தில் அமர்வோர் பட்டி அணிதல் 1983 ஜனவரி 31 முதல் சட்டப்படி கட்டாயமாயிற்று. ஆனால் புதிய கார்களின் பின்னாசனத்துக்குப் பட்டி பொருத்துதல் 1987இலேயே கட்டாயமாயிற்று. நமது கட்டளையின் ஆண்டோ 1985. ஆகவே பின்னாசனப் பட்டியை விட்டுவிட்டாலும் சட்டம் நம்மைக் கேளாது, கட்டளையும் கேட்கவில்லை. அந்த 3 அலகுக்கு வானொலி வாங்கலாம். போட்டியில் வானொலிக்கு வசதிப் புள்ளி கிடைக்கும் என்று ஒருவர் சொல்லக்கூடும்.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் சுவரில் மோதி நின்றாலும், பட்டி அணியாதவர் நிற்பதில்லை. அவர் அதே வேகத்தில் முன்னே எறியப்படுகிறார். அவ்வேகம் ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக்கு மேலிருந்து, விழுபவர் தரையை அடையும் வேகத்துக்கு ஒப்பானது. நமது காரின் பின்னாசனத்தில் இருக்கப்போவது தாயும் குழந்தையும் என்பதைக் கட்டளையே சொல்லியிருக்கிறது. பட்டி என்ற சொல் அதில் இல்லை. பட்டிக்கான தேவை அதில் இருக்கிறது.

மூன்று இடங்களில் பொருத்தப்படும் ஆசனப்பட்டியை நீல்ஸ் பொலின் என்னும் பொறியியலாளர் சுவீடனின் வொல்வோ நிறுவனத்துக்காக உருவாக்கினார். 1959இல் அது கார்களில் வந்தது. அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வொல்வோ விட்டுக்கொடுத்தது. இதற்கு மாறான வரலாறும் உண்டு. 1970இல் அமெரிக்காவில் வெளிவந்த போர்ட் பின்ரோ என்னும் சிறு காரில் பெற்றோல் தாங்கி பின்னச்சுக்குப் பின்னே அமைந்திருந்தது. பின்னாலிருந்து வேறொரு வாகனம் மோதியபோது தாங்கி உடைந்து தீப்பற்றிய விபத்துகளில் உயிர்கள் மடிந்தன. அரசு ஆய்வின் பின்னர், 1978இல் ஏறத்தாழ 15 இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் செய்யப்பட்ட திருத்தம் பெரிதன்று: தாங்கிக்குப் பிளாஸ்ரிக் தடுப்பும் நீண்ட நிரப்புக் குழாயும் பொருத்தப்பட்டன. சிறு செலவில் முன்னரே செய்யக்கூடிய ஒன்று, காலம் தாழ்ந்து செய்யப்பட்டது.

மெய்நிகர் காரில் எவரும் இறப்பதில்லை. பீம்என்ஜி டிரைவ் மென்பொருளில் காரின் உடல் பல புள்ளிகளாலும் அவற்றை இணைக்கும் தண்டுகளாலும் ஆக்கப்பட்டிருப்பதால், மோதும்போது தகடு எவ்வாறு மடிகிறது, கதவு எவ்வாறு நெளிகிறது என்பதைக் கண்ணாரக் காணலாம். பின்னர் ஒரு விசையை அழுத்திக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டு வரலாம். மெய்யான காருக்கு அந்த விசை கிடையாது. ஆதலினால்தான், விளையாட்டிலேயே நல்ல பழக்கத்தை ஊட்டுதல் வேண்டும் என்கிறோம். கேட்காத பட்டியைத் திரையில் பொருத்தும் மாணவர், நாளை தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் கேட்காததையும் எண்ணிப் பார்ப்பவர் ஆவார்.

ஆறாம் படி: விளக்கமும் தீர்ப்பும்

கார் முடிந்ததும் அதன் விளக்கத்தை எழுதுதல் வேண்டும். நமது பள்ளியில் அதனைத் தமிழிலேயே எழுதுமாறு வேண்டுகிறோம். வீட்டில் உண்ணவும் உறங்கவும் பேசும் தமிழ், இயந்திரத்தையும் ஏற்றத்தையும் பேசாதாயின், பிள்ளைகளின் சிந்தனையில் அது சிறுபிள்ளை மொழியாகவே நின்றுவிடும். உருளை, முறுக்குவிசை, காற்றுத்தடை, ஆசனப்பட்டி ஆகிய சொற்கள் நம்மிடம் உள்ளன. கியர், ரயர், பிஸ்ரன் போன்ற சொற்களையும் தமிழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. அவற்றைக் கொண்டு காரணம் காட்டி வாதிடப் பழகுதலே தேவை.

விளக்கம் எழுதுகையில் மூன்று செய்திகள் இடம்பெறுதல் நன்று. இக்கார் யாருக்காக என்பது முதலாவது. எதைப் பெற்றோம், அதற்காக எதை விட்டோம் என்பது இரண்டாவது. விட்டதனால் வாங்குபவர் எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. குறையை மறைக்கும் விளம்பரத்தைவிட, குறையைக் கூறும் விளக்கத்தையே நல்ல நடுவர் மதிப்பார்.

தீர்ப்புக் கூறுபவருக்கும் கடமை உண்டு. மென்பொருள் தரும் புள்ளிகளை மட்டும் கூட்டிப் பார்த்து முதலிடம் வழங்கினால், மாணவர்கள் காரை விட்டுப் புள்ளிகளையே வடிவமைக்கத் தொடங்கிவிடுவர். பத்துப் பேர் தோற்பர், ஒருவரே வெல்வர் என்பது போட்டியின் இயல்பு. ஆகவே தோற்றவருக்குக் காரணம் கூறுதல் வென்றவருக்குப் பரிசு கொடுத்தலிலும் முதன்மையானது. ‘உமது கார் நன்று, ஆனால் பனியில் எமது செவிலியர் வீடு திரும்பமாட்டார்’ என்று காரணத்தோடு சொல்லப்பட்ட மாணவர், அடுத்த முறை பனியை மறக்கமாட்டார்.

முடிவுரை

மரக்கட்டையைச் செதுக்கிய 1930ஆம் ஆண்டுச் சிறுவனுக்கும், திரையில் தகட்டை வளைக்கும் இன்றைய மாணவிக்கும் கருவிகளே வேறு. கட்டளையைக் கூர்ந்து படித்தல், கணக்கிட்டுப் பார்த்தல், ஒன்றைப் பெற ஒன்றை விடுதல், தம்மினும் எளியவரின் தேவையை முன்வைத்தல் என்பன இருவர்க்கும் பொதுவானவை. பெற்றோர்களும் தம் பிள்ளைகள் திரையில் கார் அமைக்கும்போது அருகே அமர்ந்து, ‘இது யாருக்காக?’ என்று ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் கூறும் விடையைப் பொறுமையோடு செவிமடுப்பார்களாக.

பயிற்சி வினாக்கள்

1. விட்டம் 80 மில்லிமீற்றர், பிஸ்ரன் செல்லும் தூரம் 80 மில்லிமீற்றர், உருளைகள் 4 எனின் இயந்திரத்தின் கொள்ளளவு யாது?

2. நமது பாடத்திலுள்ள காரின் மூன்றாம் கியரில் மொத்த விகிதம் 5.4 எனின், அது எட்டுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தை ஏறுமா? இழப்புகளையும் எண்ணி விடை தருக.

3. மேலே தந்த எட்டுப் பொருள்களை 30 அலகுக்குள் வேறொரு வகையில் பங்கிட்டு, உமது தெரிவை ஐந்து வாக்கியங்களில் நிலைநாட்டுக.

4. செவிலியருக்குப் பதிலாக, நகரத்தில் தனியே வாழும் முதியவர் ஒருவருக்கு அதே ஆண்டில் கார் அமைப்பதாயின் எவற்றை மாற்றுவீர்?

5. உமக்குத் தெரிந்த ஒருவரின் நாளாந்த வாழ்வைக் கேட்டறிந்து, அவருக்கான கார் ஒன்றின் கட்டளையை எழுதுக. அவர் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் அவருக்குத் தேவையான ஒன்றையும் அதில் சேர்த்துக் காரணம் கூறுக.